நாச்சியாரின் ஆமா

டாக்டர் கேள்வியை முடிப்பதற்குள்ளேயே முத்துகுமரன் "இல்ல சார்" என்றுவிட்டான். அந்த வேகம் உமாதேவிக்குப் பிடிக்கவில்லை.

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. உள்ளே தீவிர சிகிச்சைப் பிரிவில் உமாதேவியின் தங்கை நாச்சியார் படுத்திருந்தாள். காலையில் பல் தேய்க்கப் போனவள் அப்படியே சரிந்துவிட்டாள் என்று குற்றாலத்திலிருந்து அவள் புருஷன் முத்துகுமரன் போன் செய்திருந்தான். உமாதேவி வந்து பார்த்தபோது தங்கையின் வலது கையும் காலும் மரக்கட்டையாகக் கிடந்தன. கண் விழித்திருந்தாள். இடது இமை மட்டும் பாதி இறங்கி, தூக்கம் கலையாதவள் போல் இருந்தாள். அக்காவைக் கண்டதும் வாயைத் திறந்தாள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. வயது நாற்பதுகூட ஆகவில்லை. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, ஒரு நாள் காய்ச்சலென்று படுத்தவள் கிடையாது.

ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி நரம்பியல் டாக்டர் சுந்தரபாண்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

"கழுத்து வழியா மூளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் இது. இதோட உள்பக்கத்துத் தோல் கிழிஞ்சிருக்கு. கிழிஞ்ச இடத்துல ரத்தம் உறைஞ்சு, அதுல ஒரு துணுக்கு மேல போயி மூளையில அடைச்சிருக்கு. அதான் கையும் காலும் விழுந்திருக்கு, பேச்சும் போயிருக்கு." பிறகுதான் அவர் கேட்டார். "கழுத்துல அடி பட்டுச்சா? வண்டியில போகையில, கீழ விழுந்து, இல்ல யாராவது புடிச்சு அழுத்தி..."

"இல்ல சார்."

"வலி எப்ப இருந்து?"

"இன்னைக்குத்தான் சார். நேத்து வர நல்லாத்தான் இருந்தா."

சொல்லிவிட்டு முத்துகுமரன் தரையைப் பார்த்தான்.

உமாதேவி பத்திரப்பதிவு அலுவலகத்தில் உதவியாளர். "நீங்க சம்மதிச்சுத்தான் எழுதிக் கொடுக்கீங்களா?" என்ற கேள்விக்குத் தலையாட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குத் தலை நரைத்திருந்தது. அண்ணன் பின்னால் நிற்கத் தங்கை கையெழுத்துப் போடுவாள். மகன் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்க அப்பா ரேகை வைப்பார். யாருடைய வாய் என்ன சொல்கிறது என்பதைவிட, சொல்லும்போது கண் எங்கே போகிறது என்பதைத்தான் அவள் கவனிப்பாள். முத்துகுமரனின் கண் போன இடத்தை அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நர்ஸ் நாச்சியாரைப் புரட்டிப் படுக்க வைத்தபோது உமாதேவி அதைப் பார்த்தாள். இடது காதுக்குக் கீழே, கழுத்து ஓரத்தில், பெருவிரல் அகலத்தில் இரண்டு தடங்கள். சிவந்து, நடுவில் கறுத்திருந்தன.

"இது என்னது மாப்ள?"

"தெரியல மதினி" என்றான் முத்துகுமரன். "விழுந்ததுல பட்டிருக்கும்."

கழுத்தில் பட்டால் தோளில் படாதா, தாடையில் படாதா? உமாதேவி வெளியே வந்து தன் புருஷனிடம் சொன்னாள். விஜயசங்கர் எதையும் பத்து தடவை யோசிக்கிற ஆள்.

"ஏட்டி, அவசரப்படாத. அந்தப் பையன் நாள் முழுக்க ஒரு வாய் தண்ணி குடிக்கல, பாத்தியா?"

"தப்புப் பண்ணவனுக்கும் தண்ணி இறங்காது" என்றாள் உமாதேவி.

நாச்சியாருக்கு மாற்றுத் துணி எடுக்க வேண்டுமென்று சொல்லி மறுநாள் அவளே குற்றாலத்துக்குக் கிளம்பினாள். சீசன் உச்சத்தில் இருந்தது. சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அருவிக்குப் போகிற வழியெல்லாம் ஈரத்துண்டோடு ஜனங்கள். முத்துகுமரனின் நேந்திரம் சிப்ஸ் கடை பூட்டிக் கிடந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு.

உள்ளே நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது கொல்லைக் கொடியில் தொங்கிய மெத்தை விரிப்பும் தலையணை உறைகளும். தூறலில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தன. பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கையில், சாரல் அடிக்கிற நேரத்தில், எந்த ஆம்பிளை படுக்கையைத் துவைத்துப் போடுவான்? அடுப்படி மேடையில் ஒரு வாணலி கருகிப்போய் இருந்தது. உமாதேவி அலமாரியைத் திறந்து நாச்சியாரின் புடவைகளை எடுத்துப் பையில் வைத்தாள்.

பக்கத்தில் மூலிகைத் தைலம் விற்கிற முத்துச்செல்வி வாசலுக்கு வந்து நின்றாள். "நாச்சியாக்கா எப்படி இருக்காவ?"

உமாதேவி சொன்னாள். முத்துச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாலஞ்சு நாளாவே கண்ணு ஒரு பக்கம் சொருகித்தான் இருந்துச்சு. என்னக்கா கண்ணடிக்கியளான்னு நான்கூட கேலி பண்ணேன். தலையும் கழுத்தும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குன்னு சொன்னாவ."

"நாலஞ்சு நாளாவா?"

"ஆமா. பெறவு..." முத்துச்செல்வி தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "முந்தா நாள் பொழுது சாயுற நேரம் உள்ள சத்தம் கேட்டுச்சு. 'விடுங்க, கழுத்த விடுங்க'ன்னு அலறுனாவ. புருஷன் பொண்டாட்டி விவகாரம், நாம என்னத்தப் போய் கேக்கன்னு இருந்துட்டேன். கேட்டிருக்கணும்."

உமாதேவி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். இன்றைக்குத்தான் வலி என்றான். தடத்தைத் தெரியாது என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பிள்ளை இல்லை என்று அவன் வீட்டில் ஏதோ பேச்சு ஓடுவதாக நாச்சியார் ஒரு தடவை சொல்லி, பிறகு ஒன்றுமில்லை என்று மழுப்பியதும் இப்போது நினைவுக்கு வந்தது. ஒன்றோடொன்று சேர்ந்து உள்ளே ஒரு முடிச்சு இறுகியது.

அதற்குப் பிறகு அவள் முத்துகுமரனை நாச்சியாரின் கட்டில் பக்கம் தனியாக விடவில்லை. அவன் உள்ளே போனால் அவளும் போனாள். அவன் தங்கையின் நெற்றியைத் தொட்டால் அவன் கையையே பார்த்தாள். அவன் வந்தால் நாச்சியாரின் கண்ணில் நீர் வழிந்தது. பயத்தில் அழுகிறாள் என்று உமாதேவி முடிவு கட்டினாள்.

சில நாளில் நாச்சியாருக்கு ஒரு சொல் வந்தது.

உமாதேவி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "போதுமாட்டி?" என்றாள்.

"ஆமா" என்றாள் நாச்சியார். தெளிவாக, பழைய குரலில்.

உமாதேவியின் கையிலிருந்த கரண்டி கிண்ணத்தில் விழுந்தது. வாசலைப் பார்த்தாள். முத்துகுமரன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து தங்கையின் முகத்தருகே குனிந்தாள்.

"நாச்சி, பயப்படாத. அக்கா இருக்கேன். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அவரு உன் கழுத்தப் புடிச்சாரா?"

நாச்சியாரின் கண்கள் அகன்றன. தலை தலையணையில் அசைந்தது.

"ஆமா."

"நெரிச்சாரா?"

"ஆமா. ஆமா." இடது கை எழும்பி உமாதேவியின் மணிக்கட்டைப் பற்றி உலுக்கியது. "ஆமா!"

மகளிர் காவல் நிலையத்தில் உமாதேவி தடுமாறாமல் பேசினாள். தடங்கள், துவைத்த விரிப்பு, பக்கத்துக் கடைக்காரி கேட்ட அலறல், தங்கையின் வாக்கு. இன்ஸ்பெக்டர் அம்மா ஆஸ்பத்திரிக்கே வந்தார். அவர் கேட்டபோதும் நாச்சியார் "ஆமா" என்றாள்; சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். முத்துகுமரனை நிலையத்துக்குக் கூப்பிட்டு நாள் முழுக்க உட்கார வைத்து விசாரித்தார்கள். குற்றாலத்தில் கடை திறக்கவில்லை. பொண்டாட்டி கழுத்தை நெரித்தவன் என்று பஜாரில் பேச்சு அடிபட்டது. ஆஸ்பத்திரிக்குள் வரக்கூடாது என்று உமாதேவி சொல்லியிருந்ததால், அவன் சாயங்காலங்களில் எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரத்தில் நின்று மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நின்று என்ன வேவு பார்க்கிறான் என்று உமாதேவி திரையை இழுத்து மூடினாள்.

நாச்சியாரைச் சாதாரண அறைக்கு மாற்றியதும் பேச்சுப் பயிற்சி கொடுக்க சுகந்தி என்று ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, சிரித்த முகம். கட்டிலில் உட்கார்ந்து நாச்சியாரின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க பேரு நாச்சியாரா?"

"ஆமா."

"உங்க பேரு சுகந்தியா?"

"ஆமா."

உமாதேவி பிளாஸ்கை மூடிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

சுகந்தி ஒரு கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். "இது சீப்பா?"

"ஆமா."

"ஐஸ் சுடுமா?"

"ஆமா." நாச்சியார் முகத்தைச் சுளித்தாள். தலையை அசைத்தாள். மறுபடியும், "ஆமா."

"ஏம்மா," உமாதேவி சுகந்தியிடம் திரும்பினாள். "எல்லாத்துக்கும் ஏன் ஆமான்னே சொல்லுதா?"

"இப்போதைக்கு இவங்களுக்கு வர்ற சொல்லு அது ஒண்ணுதான் மேடம். சரின்னு நெனச்சாலும் அதான் வாயில வரும், இல்லன்னு நெனச்சாலும் அதான் வரும். கேள்வி முழுசாப் புரியுதான்னும் இப்ப சொல்ல முடியாது. சில பேருக்கு இப்படி ஆகும். கொஞ்ச நாளைக்கு இவங்க சொல்ற ஆமாவ நம்பி எதுவும் செஞ்சிராதீங்க."

"அப்ப அது பொய்யா?"

"பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல. சத்தம்னு வச்சுக்கோங்க."

சுகந்தி போகும்வரை உமாதேவி காத்திருந்தாள். பிறகு குனிந்து, வேறு விதமாகக் கேட்டாள். "நாச்சி. அவரு உன்ன ஒண்ணும் செய்யலதான?"

"ஆமா" என்றாள் நாச்சியார். இறங்கிய இமைக்கடியிலிருந்து கண்ணீர் காதுக்குள் ஓடியது.

அந்த ஆமாவையும் நம்ப முடியாது. அதுதான் உமாதேவியைத் தூங்கவிடாமல் செய்தது. தங்கை சொன்னதாக அவள் நினைத்தது இல்லை என்றாகிவிட்டது. ஆனால் தடங்கள் இல்லாமல் போகவில்லை. அலறல் இல்லாமல் போகவில்லை. அவன் பொய் சொன்னதும் பொய் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குப் போனாள். ஒரு ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு முத்துகுமரன் கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். தாடி மண்டியிருந்தது. அவளைக் கண்டதும் எழுந்தான்.

"நாச்சி எப்படி இருக்கா மதினி?"

"இருக்கா. நான் ஒண்ணு கேக்க வந்தேன். இன்னைக்கு நீங்க எனக்கு உண்மையச் சொல்லணும். நாலஞ்சு நாளா அவளுக்கு வலி இருந்திருக்கு. நீங்க டாக்டர்கிட்ட இன்னைக்குத்தான்னு சொன்னீங்க. ஏன்?"

முத்துகுமரன் ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்தான்.

"ஒருநாள் காலைல எந்திக்கையிலேயே கழுத்து வலிக்குன்னா. சுளுக்குன்னு நெனச்சோம். மறுநாள் கண்ணு லேசா இறங்குன மாதிரி இருந்துச்சு. தூசி விழுந்திருக்கும்னேன். 'ஆஸ்பத்திரிக்குப் போவமா'ன்னு கேட்டா. சீசன் மதினி. கால் வைக்க எடமில்லாம கூட்டம். 'இந்தக் கூட்டம் போவட்டும், திங்கக்கெழம போவோம்'னேன். அவளும் சரின்னு கடையில நின்னா."

"அலறுனாளாமே?"

"சொல்லுதேன். அன்னைக்கு வலி தாங்கல அவளுக்கு. உப்ப வாணலியில வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் கொடுத்தேன். சூடு அதிகம் போலுக்கு, முடிச்சு பட்ட ரெண்டு எடத்துல தோலு வெந்துட்டு. அதுக்கும் மேல நான்... தைலம் போட்டு நல்லா அமுக்கிவிட்டா சுளுக்கு எடுபடும்னு பெருவிரல வச்சு அழுத்துனேன். விடுங்க விடுங்கன்னு கத்துனா. ரெண்டு அமுக்கு பொறுத்துக்கோன்னேன். பெறவு படுக்கையிலேயே வாந்தி எடுத்தா. காலைல விழுந்துட்டா." அவன் தன் இரண்டு பெருவிரல்களையும் முறைத்துப் பார்த்தான். "கழுத்துல யாராவது அழுத்துனாங்களான்னு டாக்டர் கேட்டாரு பாருங்க, அந்த நிமிஷம் நான்தான் அவளக் கொன்னுட்டேன்னு தோணிட்டு. வாயி இல்லன்னு சொல்லிட்டு. பெறவு மாத்திச் சொல்ல முடியல. ஆம்புலன்ஸ்ல ஏத்துறதுக்கு முன்னாடி அந்த விரிப்ப அலசிப் போட்டுட்டு வந்தேன். அவளுக்கு அழுக்குக் கெடந்தா புடிக்காது. அந்த நேரத்துல அத எதுக்குச் செஞ்சேன்னு எனக்கே தெரியல."

"போலீஸ்ல ஏன் இதச் சொல்லல?"

"சொன்னேன். ரெண்டாவது தடவ கூப்பிட்டப்ப. ஏற்கனவே ஒரு பொய் சொன்னவன் சொல்லுக்கு என்ன மதிப்பு?"

உமாதேவி அவன் கண்ணையே பார்த்தாள். தரைக்குப் போகவில்லை. இருந்தாலும் அவள் மனம் ஒரே பாய்ச்சலில் அந்தப் பக்கம் தாண்டிவிடவில்லை. நன்றாக யோசித்து வைத்த கதையும் இப்படித்தான் பொருந்தும். "இத டாக்டர் முன்னாடி சொல்லுவீங்களா?" என்றாள்.

"இப்பவே வாரேன்."

மறுநாள் டாக்டர் சுந்தரபாண்டி முழுவதும் கேட்டார். நாச்சியாரின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். தடங்களின் மேல்தோல் உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது.

"இது சூடு பட்ட புண்ணுதான். அமுக்குன தடம்னா கன்னிப்போய் நிறம் மாறிக் கலைஞ்சிருக்கும், தோல் இப்படி உரியாது. இன்னொண்ணு, கண்ணு இமை இறங்குனது இவர் கை வைக்கிறதுக்கு முன்னாடியே. குழாய் கிழிஞ்சா பக்கத்துல ஓடுற நரம்பு பாதிச்சு இமை இறங்கும், கண்ணு பாப்பாவும் சுருங்கும். அப்படின்னா கிழிசல் அதுக்கு முந்தியே விழுந்தாச்சு."

"அப்போ எதனால கிழிஞ்சுது சார்?" என்றாள் உமாதேவி.

"தெரியாதும்மா."

"தெரியாதுன்னா?"

"பலமா இருமுனா வரலாம். கனம் தூக்கி, தலைய வெடுக்குன்னு திருப்பி, அருவித் தண்ணிக்குக் கழுத்தக் கொடுத்துக்கூட வரலாம். ஒண்ணுமே நடக்காமலும் வரும். நெறையப் பேருக்குக் கடைசிவரை காரணம் தெரியுறதில்ல." அவர் முத்துகுமரனைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க அமுக்குனதுல மோசமாச்சான்னு கேப்பீங்க. அதையும் என்னால உறுதியாச் சொல்ல முடியாது. அமுக்காம இருந்திருந்தா நல்லது. கண்ணு இறங்குன அன்னைக்கே வந்திருந்தா அதைவிட நல்லது."

முத்துகுமரன் தலையாட்டினான். உமாதேவி இத்தனை நாள் ஒருத்தனைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்த இடத்தில் இப்போது யாருமே இல்லை. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

டாக்டரின் சான்றோடு அவள் காவல் நிலையம் போனாள். "அன்னைக்கு அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களேம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். உமாதேவி சான்றை மேஜையில் வைத்தாள். புகாரை முடித்து வைத்தார்கள். பஜாரில் ஓடிய பேச்சை யாரும் முடித்து வைக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் தங்கையைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போக உமாதேவி ஆட்டோ பிடித்து வைத்திருந்தாள். நாச்சியார் ஒரு கையால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, முத்துகுமரன் நின்ற பக்கம் நடந்து போய் நின்றாள். அதற்குச் சொல் எதுவும் தேவைப்படவில்லை.

ஐப்பசியில் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நாச்சியார் வெகுதூரம் போய்வந்தாள். ஒருநாள் குற்றாலத்தில், கடைக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்திருந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

"அக்கா. நீ கேட்டல்லா. அவரு... கழுத்தப் புடிச்சாரான்னு."

"அத விடுட்டி."

"நான் இல்லன்னுதான் சொன்னேன்." நாச்சியார் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "இங்கன இல்ல. வாயில ஆமா. மறுபடி சொன்னேன். மறுபடி ஆமா. உன் கையப் புடிச்சு... உலுக்குனேன். நீ போயிட்ட."

உமாதேவிக்கு அந்த மணிக்கட்டு சுட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாச்சியார் பார்த்துக்கொண்டிருந்தாள், தேற்றவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே எதையோ தேடியெடுத்து, "மூக்கச் சிந்து" என்றாள்.

கிளம்பும்போது உமாதேவி கடைக்குள் போனாள். முத்துகுமரன் எண்ணெய்ச் சட்டியில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, என்னைய மன்னிச்சிருங்க."

அவன் கையை நிறுத்தவில்லை. "வருத்தமில்லன்னு சொல்ல மாட்டேன் மதினி. ஸ்டேஷன்ல உக்காந்திருந்தத மறக்க முடியாது. ஆனா நாலஞ்சு நாளு அவள வலியோட கடையில நிக்க வச்சேன். அத யாராவது எங்கிட்ட கேக்கணும்லா? வேற யாரும் கேக்கல." சட்டியில் சீவல்கள் பொரிந்து எழும்பின. "வாரா வாரம் வாங்க. அவளுக்குப் பேசிப் பழக ஆள் வேணும். நான் உங்ககிட்ட பேசுவேன்னு மட்டும் எதிர்பாக்காதீங்க."

அப்படியே நடந்தது. ஞாயிறுதோறும் உமாதேவி வருவாள். அவள் வந்ததும் முத்துகுமரன் கடைக்குப் போய்விடுவான். அக்காளும் தங்கையும் காய்கறிப் பெயர், தெருப் பெயர், சொந்தக்காரர் பெயரென்று சொல்லிச் சொல்லிப் பார்ப்பார்கள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு விடாமல் கொட்டியது. உமாதேவி போகவில்லை. மத்தியானம் போன் அடித்தது. முத்துகுமரன். ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்ததே இல்லை.

"மதினி, வரலையா? வாசலயே பாத்துட்டு இருக்கா" என்றான். அவள் வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டான்.

உமாதேவி குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஜன்னல் ஷட்டரைத் தாண்டித் தண்ணீர் மடியில் தெறித்தது. அவனாகத்தான் போட்டானா, நாச்சி சொல்லிப் போட்டானா? குரலில் கோபமா, என்ன அது? ஏன் உடனே வைத்தான்? பஸ் இலஞ்சி ஊரைத் தாண்டும்வரை அந்த ஒரு வரியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு, நனைந்த புடவையைப் பிழியத் தொடங்கினாள்.